பூக்கல்லைச் சேலையில் ஏற்றுவதற்கு முன்

தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னையில் துணி வடிவமைப்பு படிக்கிறார், இறுதி ஆண்டு. சொந்த ஊர் என்பதால் செட்டிநாட்டையே பொருளாக எடுத்துக்கொண்டு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல், தேக்குத் தூண், வாசல் நிலையில் இருக்கும் கஜலட்சுமி என்று நானூறு படம் எடுத்து, எல்லாவற்றையும் சேலைக்கும் திரைச்சீலைக்கும் அச்சாக மாற்றியிருக்கிறார். ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வீட்டைக் கட்டியவர்களின் யோசனை. உன் யோசனை எங்கே?" என்று கேட்டுவிட்டாராம். நூலையும் துணியையும் கொண்டு இன்று வேலை செய்யும் கலைஞர்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது, செட்டிநாட்டில் அப்படி எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. கூடவே இரண்டு சின்னக் கேள்விகள்: நம் ஊர்க் கட்டம் போட்ட சேலையான கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே, அதை மாற்றி வேலை செய்யலாமா? ஆயாளின் (பாட்டியின்) பெட்டியில் ஆறு பழைய கண்டாங்கிகள் இருக்கின்றன, அவற்றை வெட்டலாமா?

சின்னக் கேள்விகளைக் கடைசியில் பார்ப்போம். பெரிய கேள்விக்கு என் சொந்தத் தோல்வி ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

முப்பது வருடம் கைத்தறிக்கு வரைபடம் போட்டுப் பிழைத்தவன் நான். கட்டத் தாளில் ஒவ்வொரு கட்டமாக அடைத்து நெசவாளர் கையில் கொடுப்பது வேலை. சேர்ந்த புதிதில் உங்களுக்கு வந்த அதே ஆசை எனக்கும் வந்தது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்து தரையில் இருந்த பூவைப் பிரதி எடுத்தேன். ஒரு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சேலைக் கரைக்கு வரைபடமாக்கினேன். தறியில் ஏற்ற வேண்டிய பெரியவர் தாளை வாங்கி, தலைகீழாகவும் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "காலால் மிதிப்பதைத் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்களா, தம்பி?" என்றார். கிழவருக்கு ஏதோ சாத்திரம் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு சேலை நெய்து வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கல்லில் வழுக்கிக்கொண்டு ஓடிய இதழ், பருத்தியில் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கியிருந்தது. பாவு நூல் நேராக ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வளைவு என்று ஒன்று கிடையாது. மயிரிழைப் பட்டாக இருந்தால் கண் ஏமாந்துபோகும், அறுபதாம் நம்பர் பருத்தியில் ஏமாறாது. ஆறில் நான்கு விற்கவே இல்லை. ஒன்றை என் மனைவி என்மேல் இரக்கப்பட்டுக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பூ ஆத்தங்குடியில் பிறந்த பூவும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தரை ஓடுகளின் கோலத்தைப் பார்த்து, உள்ளூர் மணலையும் சிமெண்டையும் வைத்து நம் ஆட்கள் தங்கள் வழியில் செய்துகொண்டது. ஆக, இரண்டாம் கைக்கு வந்த பூவை நான் மூன்றாம் கையாக எடுத்திருந்தேன். ஆனால் அந்தக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று பட்டறையில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகடு ஒன்றைக் கீழே வைத்து, மேலே சட்டத்தைப் போட்டு, உலோகத் தடுப்பு அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை ஒரே சீராகத் தூக்க வேண்டும். தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஒரு நூலிழை கசியும். அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, சாந்தைப் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு தானாக வந்திருக்கும். பூவை விடுங்கள். அந்த ஊற்றுதல் இருக்கிறதே, தடுப்பை எடுத்த பிறகும் நிறம் தன் எல்லையில் நிற்கும் அந்த ஒரு கணம், அதைத் துணியில் எப்படிச் செய்வது என்று யோசித்திருந்தால் எனக்கு நான்கு சேலை மிஞ்சியிருக்காது.

எனக்குத் தெரிந்த பதிலை இப்படிச் சொல்லலாம். நீங்கள் எடுத்த நானூறு படமும் பெயர்ச்சொற்கள்: தூண், கல், யானை, லட்சுமி. நல்ல துணிக்கலைஞர்கள் பெரும்பாலும் வினைச்சொற்களைத்தான் எடுத்திருக்கிறார்கள். அவிழ்ப்பது, முடிச்சிடுவது, உருவுவது, மடிப்பது, ஒட்டுப்போடுவது. யார் யார் எதை எடுத்தார்கள் என்று சிலரை மட்டும் சொல்கிறேன். என் ருசிக்குத் தேர்ந்த பட்டியல் இது, விட்டுப்போனவர்கள் நிறைய.

அன்னி ஆல்பர்ஸ் 1899இல் பெர்லினில் பிறந்தவர். 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு நெசவில் ஆசையே கிடையாது. பெண்களை அந்தப் பட்டறைக்குத்தான் தள்ளினார்கள், வேண்டாவெறுப்பாகப் போனார். போன இடத்தில் நூல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளியின் அரங்கத்துக்காக அவர் நெய்த துணி ஒரு பக்கம் எதிரொலியை உறிஞ்சும், மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். செனில் என்ற பஞ்சுபோன்ற நூலையும் செல்லோஃபேன் என்ற கண்ணாடித் தாளையும் சேர்த்து அதைச் சாதித்தார். ஹிட்லர் காலத்தில் அமெரிக்காவுக்குப் போனவர், அங்கிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பத் திரும்பப் போனார், பெருவுக்கும் பயணம் செய்தார். நெசவைப் பற்றி 1965இல் அவர் எழுதிய புத்தகத்தைப் பண்டைய பெருவின் நெசவாளர்களுக்குத்தான் ஆசான்கள் என்று சொல்லிக் காணிக்கையாக்கினார். பெருவின் பழந்துணிகளில் பறவையும் மீனும் கொள்ளை அழகு. அவருடைய துணிகளில் அந்தப் பறவையைத் தேடினால் கிடைக்காது. இடுப்பில் கட்டிய தறியில், எழுத்து இல்லாத ஒரு நாட்டில், நூலை இப்படியும் அப்படியும் கடத்தியே யோசித்தார்களே, அந்த யோசிக்கும் முறையை எடுத்துக்கொண்டார்.

ஷீலா ஹிக்ஸ் 1934இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்தவர், பல பத்தாண்டுகளாகப் பாரிஸ்வாசி. கையடக்கமான ஒரு சட்டத்தில் நூலைக் கட்டி, போகிற இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன நெசவுகள் செய்துகொண்டே இருப்பார். நமக்கு அவரைப் பற்றி ஆர்வம் வரவேண்டிய காரணம் வேறு. 1966இல் அவர் கோழிக்கோட்டுக்கு வந்து, காமன்வெல்த் டிரஸ்ட் கைத்தறி ஆலையில் அங்கிருந்த நெசவாளர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். அங்கே உருவான கனத்த துணி ஒன்றுக்குப் பக்கத்து ஊரான வடகரையின் பெயரையே, வெள்ளைக்காரர் வாயில் வழங்கியபடி, 'படகரா' என்று வைத்தார். கேரளத்துக்கு வந்தவர் கதகளி முகத்தையும் யானையையும் துணியில் போடாமல், அங்குள்ள தறியால் எவ்வளவு கனம் தாங்க முடியும் என்று சோதித்துப் பார்த்தார். கன்னியாகுமரிப் படகையும் மீனாட்சி கோபுரத்தையும் அச்சடித்துத் தள்ளிய நம் ஆட்களை அப்போது நினைத்துக்கொண்டேன், என்னையும் சேர்த்துத்தான்.

மோனிகா கொரியா மும்பைக்காரர், 1938இல் பிறந்தவர், கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியாவின் மனைவி. அவர் செய்த காரியத்தைக் கேட்டால் எந்த நெசவாளருக்கும் பகீர் என்றிருக்கும். நெய்துகொண்டிருக்கும்போதே தறியிலிருந்து அச்சைக் கழற்றிவிட்டார். அச்சு தெரியுமல்லவா, ஒவ்வொரு பாவு நூலையும் அதன் இடத்தில் நிறுத்தும் சீப்பு. ஊடையை அடித்து நெருக்குவதும் அதுதான். அது போய்விட்டால் பாவு நூல் பக்கத்து நூலை நோக்கிச் சாயும், விலகும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நேர்கோட்டில் போகவேண்டியது ஆலமர விழுதைப் போல அலையும். தறிக்கு வளைவு தெரியாது என்று மேலே சொன்னேன். என்னைப் போல் கட்டத் தாளில் மல்லுக்கட்டாமல், வளைவைத் தடுத்துக்கொண்டிருந்த சாமானையே எடுத்துவிட்டார் அவர். இதைப் படித்த நாள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. முப்பது வருடத்தில் ஒரு நாளாவது அச்சைக் கழற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லையே என்ற வயிற்றெரிச்சலோடு படித்தேன்.

மிருணாளினி முகர்ஜிக்குத் தறியே இல்லை. பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். சுப்ரமணியனே கொஞ்ச காலம் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தவர்தான். முகர்ஜி டெல்லிச் சந்தையில் சணல் கயிறு வாங்கிச் சாயமேற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கையால் முடிந்து ஆளுயரத்துக்கும் மேலே எழுப்புவார். முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. முடிச்சு எங்கே இட்டுப்போகிறதோ அங்கே போவார். பார்த்தால் பூ மாதிரி விரியும், அம்மன் மாதிரி உட்காரும், இரண்டும் சேர்ந்து கொஞ்சம் பயமுறுத்தும். யட்சி, வனஸ்ரீ என்று பெயர் வைத்தார். 2015இல் இறந்துபோனார். 2019இல் நியூயார்க்கில் அவருடைய வாழ்நாள் வேலைகளைக் கூட்டிப் பெரிய காட்சி வைத்தார்கள். உயிரோடிருந்த காலத்தில் 'இது கைத்தொழில்தானே' என்று மூக்கைச் சுளித்தவர்கள் பலர்.

இந்தக் 'கைத்தொழில்தானே' எனக்குப் புரியாத சமாசாரம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சென்னைக்கு வெளியே நிலம் வாங்கிக் குடியேறினார்களே, அதற்குப் பெரிய முதுகெலும்பாக இருந்தது அவர்கள் மெழுகு தடவிச் சாயமேற்றி விற்ற பாத்திக் துணிகள். ஓவியத்தைத் துணிதான் காப்பாற்றியிருக்கிறது.

பெயர் தெரியாத கலைஞர்களையும் சொல்லியாக வேண்டும். நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். நம் கரையிலிருந்து போன மெட்ராஸ் கட்டத் துணி அவர்களிடம் தலைமுறைக் கணக்கில் புழங்குகிறது. பிறப்புக்கும் சாவுக்கும் அது வேண்டும். வாங்கியதை அப்படியே உடுத்துவதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. அங்குள்ள பெண்கள் ஊசியால் ஒரு இழையை நெம்பி, சிறு கத்தியால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு வெள்ளை இழை, அங்கே ஒரு மஞ்சள் இழை. எடுக்க எடுக்கத் துணியில் இல்லாத வேறொரு கோலம் எழும்பி வரும். 'பெலெடே பிடே' என்று பெயர், 'நூல் அறுத்த துணி' என்று பொருள். நம் ஆள் கணக்குப் பார்த்து நெய்ததை, ஒரு நூல்கூடச் சேர்க்காமல், கழித்துக் கழித்தே அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இனி, வீடு. செட்டிநாடு என்றாலே வீடுதான் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறது, உங்கள் நானூறு படத்திலும் முந்நூறு வீடாகத்தான் இருக்கும். டோ ஹோ சு என்ற கொரியக் கலைஞர், 1962இல் சியோலில் பிறந்தவர். அவருடைய தந்தையும் ஓவியர். அரண்மனை வளாகத்துப் பழைய வீடு ஒன்றின் மாதிரியில் தன் வீட்டைக் கட்டிக்கொண்டவர். மகன் அமெரிக்காவுக்குப் போய் அங்கே தூக்கம் வராமல் தவித்தபோது, அந்த வீட்டைச் சுவர், சன்னல், உத்தரம் என்று அங்குலம் அங்குலமாக அளந்து, வெளிர்பச்சைப் பட்டில் தைத்து, 1999இல் கூரையிலிருந்து தொங்கவிட்டார். கொரியப் பாரம்பரிய உடை தைக்கும் மூத்த பெண்களிடம் தையலைக் கற்றுக்கொண்டு செய்த வேலை அது. உள்ளே வெளிச்சம் ஊடுருவும். காட்சி முடிந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்து அடுத்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். டெல்லியில் சுமாக்ஷி சிங் தன் தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டை நூலாலேயே எழுப்பினார். தண்ணீரில் கரையும் துணியின் மேல் பூத்தையல் போட்டுவிட்டு, அடித்துணியைக் கரைத்துவிடுவார். எதன்மேல் தைத்தாரோ அது போய்விடும், தையல் மட்டும் காற்றில் நிற்கும்.

இந்த இரண்டையும் நம் ஊரோடு சேர்த்து யோசியுங்கள். பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து பளிங்கும் கொண்டுவந்து வீட்டைக் கட்டிவிட்டு, கட்டியவர் ரங்கூனிலும் பினாங்கிலும் கிடந்தார். அசையாத பொருளை இங்கே வைத்துவிட்டு, ஆள் அசைந்துகொண்டிருந்தார். கொரியக்காரர் செய்தது இதற்கு நேர் எதிர்: ஆள் போகிற இடத்துக்கு வீடு மடிந்து கூட வருகிறது. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள். இடித்த வீடுகளின் நிலையும் தூணும் எனாமல் பாத்திரமும் நடைபாதை வரைக்கும் வந்து கிடக்கின்றன. வீடு கடைசியில் அசையத்தான் செய்கிறது, துண்டு துண்டாக. உங்கள் ஆசிரியர் கேட்ட யோசனை இந்தத் தெருவில் கிடைக்கலாம், தூணின் படத்தில் கிடைக்காது.

எல் அனட்சுயியை விட்டுவிட மனமில்லை. கானா நாட்டவர், நைஜீரியாவில் வாழ்ந்தவர். அவருடைய தந்தை கென்டே என்ற அந்நாட்டுத் துணி நெய்தவர். 1990களின் கடைசியில் சாராயப் புட்டி மூடிகள் நிறைந்த பை ஒன்று அவர் கையில் கிடைத்தது. அவற்றைத் தட்டித் தகடாக்கி, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்துச் சுவர் அளவுக்கு விரித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் சரிகைப் பட்டு. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து அடிமை வியாபாரத்தில் கைமாற்றிய சரக்குகளில் சாராயமும் ஒன்று என்பது தெரிந்த பிறகு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எப்படித் தொங்கவிட வேண்டும் என்று அவர் கட்டளை போடுவதில்லை. மாட்டுகிறவர் மடிப்பைத் தீர்மானித்துக்கொள்ளலாம். சேலை கட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே சேலைதான், பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய ஆச்சி ஒருத்தி, முன்கொசுவம் வைத்த பேத்தி வேறொருத்தி.

நமக்குப் பக்கத்தில் என்றால் லக்ஷ்மி மாதவன் என்ற கலைஞர். தன் அம்மம்மா உடுத்திய, சரிகைக் கரை போட்ட கசவு முண்டிலிருந்து தொடங்கி, கேரளத்துப் பலராமபுரம் நெசவாளர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார். 2021இல் ஆலப்புழையில் நடந்த பெரிய காட்சியில் அவர் வேலையும் இருந்தது. பிரியா ரவிஷ் மெஹ்ராவும் நினைவுக்கு வருகிறார். உத்தரப் பிரதேசத்து நஜிபாபாத்தின் ரஃபூகர்கள், அதாவது கிழிந்த சால்வையைக் கிழிசல் தெரியாமல் இழை ஓட்டுகிறவர்கள், அவர்களைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்தவர். அவர்களுடைய பெருமையே தங்கள் வேலை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. அதைத் தெரியவைப்பது எப்படி என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். 2018இல் மறைந்தார்.

போதும். நம் ஊருக்கு வருவோம்.

ஊரில் கண்ணில் படும் வினைகளை மட்டும் கவனியுங்கள். கல்யாணத்தில் சாமான் பரப்புகிறார்களே, ஊசியிலிருந்து அண்டா வரை, வளவு முழுக்க? பெண்ணுக்குக் கொடுப்பதை எண்ணி, வகை பிரித்து, தரையில் அடுக்கிக் காட்டும் அந்தப் பரப்புதல். படைப்பில் முன்னோருக்குச் சேலையும் வேட்டியும் வைத்துக் கும்பிடுகிறோமே, உடல் இல்லாதவருக்குத் துணி மடித்து வைக்கும் அந்த வைத்தல். குடும்பத்தைச் செட்டிநாட்டு நகரத்தார் எப்படி எண்ணுகிறார்கள்? ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. கோயில் வரி புள்ளிக் கணக்கில். இந்த ஊரில் இத்தனை புள்ளி, அந்தக் கோயிலுக்கு இத்தனை புள்ளி. மனிதரைப் புள்ளியாக எண்ணும் சமூகத்தில் பிறந்துவிட்டு, கட்டத் தாளில் புள்ளி வைத்துப் பிழைக்கும் தொழிலுக்கும் வந்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது.

கொட்டானையும் பாருங்கள். பனையோலையைச் சாயமேற்றி முடைந்து, மேலே நூலும் மணியும் வைத்துப் பின்னும் கூடை. விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளை அதை மறுபடி எழுப்பியது. பழைய கண்டாங்கிகளைத் தேடி ஆவணப்படுத்தி, மறுபடி நெய்யவும் வைத்தது. அவர்கள் காப்பாற்றி வைத்ததனால்தான் நீங்கள் மாற்றிப் பார்ப்பதற்கு இன்று ஏதோ மிஞ்சியிருக்கிறது. காப்பாற்றுகிறவரையும் மாற்றுகிறவரையும் எதிரிகளாக்கிப் பேசுவது இந்தத் துறையில் ஒரு வியாதி, அதில் விழாதீர்கள்.

கண்டாங்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். கட்டத்தின் ரகசியம் எளிது. பாவில் இருபத்து நான்கு இழை செங்கல் சிவப்பு, இருபத்து நான்கு கடுகு மஞ்சள் என்று மாற்றி மாற்றி ஓட்டி, ஊடையிலும் அதே கணக்கில் நெய்தால், சிவப்பு சிவப்பைச் சந்திக்கும் இடம் சுத்தச் சிவப்பு, மஞ்சள் மஞ்சளைச் சந்திக்கும் இடம் சுத்த மஞ்சள், மற்ற இரண்டு கட்டங்களிலும் இரண்டும் கலந்து பழுத்த மாம்பழ நிறம். மூன்றாவது நிறம் சாயப் பானையிலிருந்து வரவில்லை, குறுக்கே போனதால் வந்தது.

என் அம்மாவின் கண்டாங்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. கரை நைந்துவிட்டது. நூல் எண்ணும் கண்ணாடியை வைத்து ஒரு மழை நாளில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து நான்காவது சிவப்புப் பட்டையில், பதினோராவது இழை மட்டும் வேறு சிவப்பு. வேறு ஈட்டில் தோய்த்த நூல், கொஞ்சம் கறுத்திருந்தது. பாவு ஓட்டும்போது நூல் குறைந்து, கிடைத்த நூல் சிட்டத்திலிருந்து ஒரு இழையை எடுத்துச் சேர்த்திருப்பார்கள். முந்தானை வரைக்கும் விரலால் தொடர்ந்து போனேன், விடாமல் ஓடியது. ஊடையில் நேர்ந்த பிசகு என்றால் கரைக்குக் கரை ஓடி அந்த வரியோடு முடிந்துபோகும். பாவில் நேர்ந்த பிசகு அப்படி முடியாது. ஒரு பாவில் பல சேலைகள் வரும். நடுவில் அறுந்து வேறு நூல் பிணைக்கப்படாத வரைக்கும், அதே பாவிலிருந்து அறுத்த சேலைகள் அத்தனையிலும், அதே நான்காவது பட்டையில், அதே பதினோராவது இடத்தில் அந்தக் கறுத்த இழை ஓடியிருக்கும். அவற்றைக் கட்டிய பெண்கள் யார், எந்தெந்த ஊர்? என் அம்மாவுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடியிருக்கிறது, அம்மாவுக்கே தெரியாமல்.

நான் கலைஞன் இல்லை. இதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியலாம்.

இனிச் சின்னக் கேள்விகள். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. அது பெயருக்கு உள்ள காவல்: அந்த வட்டாரத்தில் உரிய முறையில் நெய்யாததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. விசைத்தறியில் ஓட்டி, கட்டத்தை அச்சடித்துக் கண்டாங்கி என்று விற்பவர்களுக்குத்தான் அந்த வேலி. சேலையை விலை கொடுத்து வாங்கி நீங்கள் பிரிப்பதையும் முடிச்சிடுவதையும் சாயம் போகவைப்பதையும் அது தடுக்காது. நீங்கள் புதிதாக நெய்யவைக்கும் விசித்திரத் துணிக்கு மட்டும் கண்டாங்கி என்று பெயர் வைக்காதீர்கள், வேறு பெயர் யோசியுங்கள்.

நெசவாளரை வைத்துச் செய்வதாக இருந்தால் கூலியைச் சேலைக் கணக்கில் பேசாதீர்கள், நாள் கணக்கில் பேசுங்கள். சேலைக் கூலி பழகிய கை ஓடும் வேகத்துக்கு வைத்தது. நீங்கள் அச்சைக் கழற்று, ஊடையை நிறுத்து, திரும்பப் பிரி என்று சொன்னால் ஒரு நாளில் ஒரு சாண்கூட ஏறாது, நஷ்டம் அவர் தலையில் விழும். காட்சிக்கு வைக்கும் அட்டையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். என் நான்கு சேலையிலும் அந்தப் பெரியவர் பெயர் இல்லை. இருந்திருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பாரா, வெட்கப்பட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

ஆயாளின் ஆறு கண்டாங்கிக்கு வருகிறேன். கத்தரிக்கோலை இப்போது எடுக்க வேண்டாம். பெட்டியைத் திறந்து, ஆயாளையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஆறையும் பட்டாலைக் கூடத்தில் நீளவாக்கில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விரியுங்கள். கரைப் பக்கத்துப் பட்டைகளின் இழைகளைக் கண்ணாடி வைத்து எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அக்கா தங்கைக்கு என்று இரண்டிரண்டாக எடுப்பார்கள், ஆறில் இரண்டு ஒரே பாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால், இரண்டாவதை யாருக்காக எடுத்தார்கள், அது எப்படி இந்தப் பெட்டிக்கே வந்து சேர்ந்தது என்று ஆயாளிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும், வெட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.